கம்பெனிக்கு வாசற்படி எங்கே?

ஒரு கட்டடத்தில் எத்தனை கம்பெனிகள் இருக்க முடியும்? பத்து இருக்கலாம். பெரிய மாடிக் கட்டடம் என்றால் நூறு இருக்கலாம்.

அமெரிக்காவில் டெலாவேர் என்று ஒரு சின்ன மாநிலம். அதில் வில்மிங்டன் என்று ஒரு நகரம். அங்கே வடக்கு ஆரஞ்சுத் தெருவில் 1209-ம் எண்ணுள்ள கட்டடம் ஒன்று இருக்கிறது. வானத்தை முட்டும் கட்டடம் அல்ல. உயரமே இல்லாத சாதாரண ஆபீசு. 2012-ம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கொடுத்த கணக்குப்படி, அந்த ஒரே கட்டடத்தைத் தங்கள் விலாசமாகக் காட்டியிருந்த கம்பெனிகள் 2 லட்சத்து 85 ஆயிரம்!

2016-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் டொனால்டு டிரம்பும் ஹிலாரி கிளிண்டனும். மேடைக்கு மேடை ஒருவரை ஒருவர் வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் இருவருக்குமே கம்பெனி இருந்தது.

மாநிலம் முழுவதும் இதே கதைதான். 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் டெலாவேர் மக்கள் 9 லட்சத்து 89 ஆயிரத்து 948 பேர். அங்கே பதிவான கம்பெனிகளோ 20 லட்சத்துக்கும் மேல். கைக்குழந்தையைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் ஆளுக்கு இரண்டு கம்பெனி வருகிறது.

இது மோசடியா? இல்லை. முழுக்க முழுக்கச் சட்டப்படி நடக்கிற காரியம். அந்தக் கட்டடத்தில் கோகோ கோலா காய்ச்சவில்லை. மோட்டார் கார் செய்யவில்லை. அங்கே இருப்பது "பதிவு ஏஜெண்டு" ஆபீசு. கம்பெனிகளுக்கு வரும் கோர்ட்டு சம்மனையும் சர்க்கார் நோட்டீசையும் வாங்கி, உரியவர்களுக்கு அனுப்பி வைப்பதுதான் அங்குள்ளவர்களின் வேலை.

பிடி கொடுக்காத ஆசாமி

கடன் வாங்கியவர் ஒரு மனிதர் என்றால் அவர் வீடு தெரியும். வீட்டில் இல்லை என்று சொன்னால் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கலாம். கம்பெனி அப்படியா? அதற்குக் கை இல்லை, கால் இல்லை. காகிதத்தில் பிறக்கிறது; காகிதத்தில் வாழ்கிறது. ஆனால் மனிதனைப் போலவே கடன் வாங்குகிறது, வீடு வாங்குகிறது, பிறர்மேல் வழக்குத் தொடுக்கிறது. அதன்மேல் ஒருவர் வழக்குத் தொடுக்க வேண்டுமானால் சம்மனை யார் கையில் கொடுப்பது?

அமெரிக்காவில் சிறு வியாபாரிகள் பலர் தொடங்குவது எல்.எல்.சி. எனப்படும் லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி. முதன்முதலில் இதற்குச் சட்டம் செய்தது வயோமிங் மாநிலம், 1977-ம் ஆண்டில். ஓர் எண்ணெய்க் கம்பெனி கேட்டுக்கொண்டதால் பிறந்த சட்டம் அது. 1988-ம் ஆண்டில் வருமானவரி இலாகா அதற்குச் சாதகமாக முடிவு சொன்னது. அதன்பிறகு மற்ற மாநிலங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று சட்டம் செய்தன.

ஒரு அம்மாள் ரொட்டிக் கடை வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எல்.எல்.சி. ஆகப் பதிவு செய்கிறார். கடை நொடித்துப்போனால் கடையின் அடுப்பும் மேசையும் போகும். அவர் குடியிருக்கும் வீடும் கழுத்து நகையும் போகாது. (தாமே ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனுக்கு மட்டும் தப்ப முடியாது. அதை மறந்துவிட்டுப் பின்னால் அழுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.)

இது பெரிய சலுகை. சலுகை கொடுக்கும் சர்க்கார் பதிலுக்கு ஒன்று கேட்கிறது. "உன்னைத் தேடி வருகிறவர் தட்டுவதற்கு ஒரு கதவைக் காட்டு" என்கிறது. நியாயமான கேள்வி. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கேள்வியைப் பாதி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்களே என்பதுதான் என் புகார்.

கதவு திறந்திருக்க வேண்டும்

ஏஜெண்டு என்பவர் அந்த மாநிலத்திலேயே இருக்க வேண்டும். தெருப் பெயரும் கதவு எண்ணும் உள்ள நிஜமான விலாசம் வேண்டும். தபாலாபீசுப் பெட்டி எண்ணைக் கொடுத்தால் செல்லாது. ஏனென்றால் பெட்டியிடம் சம்மனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க முடியாது. ஆபீசு நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். கம்பெனி முதலாளி அந்த மாநிலத்தில் வசித்தால் தாமே ஏஜெண்டாக இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கூலிக்கு ஏஜெண்டு அமர்த்தலாம். ஆண்டுக்குச் சுமார் 50 டாலரிலிருந்து 300 டாலர் வரை கேட்கிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு விதியும் உண்டு. அங்கே எல்.எல்.சி. தொடங்கியவர் 120 நாட்களுக்குள் இரண்டு பத்திரிகைகளில் ஆறு வாரம் தொடர்ந்து விளம்பரம் செய்ய வேண்டும். கம்பெனியின் ஆபீசு எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அந்த வட்டாரப் பத்திரிகையில் வர வேண்டும். நியூயார்க் நகரில் விளம்பரக் கட்டணம் தலையைச் சுற்றும். தலைநகரான ஆல்பனியில் குறைவு. ஆகவே ஆல்பனியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, அவருடைய விலாசத்தையே ஆபீசு விலாசமாகக் காட்டிவிடுகிறார்கள் பலர். கடை நடப்பது புரூக்ளினில். விளம்பரம் வருவது ஆல்பனியில். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற நானே சொல்கிறேன்: இந்த விளம்பரத்தால் பத்திரிகைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் ஒரு காசு லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

இருபத்தொரு நாள்

ஏஜெண்டு விஷயத்தை வெறும் சடங்கு என்று நினைத்து விலாசத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள ஆபத்தைக் கேளுங்கள்.

சம்மன் ஏஜெண்டின் கைக்கு வந்தால், அது கம்பெனியின் கைக்கே வந்ததாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். மத்திய சர்க்கார் கோர்ட்டில் வழக்கு என்றால், அன்றிலிருந்து 21 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் கேட்டபடியே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம். பிறகு பாங்கில் உள்ள பணத்தை முடக்கக் கிளம்புவார்கள்.

நம் ரொட்டிக் கடை அம்மாள், கட்டணம் மிச்சம் என்று தம் வீட்டு விலாசத்தையே கொடுத்து, தாமே ஏஜெண்டாக இருக்கிறார். ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். அல்லது வீடு மாறியவர், புது விலாசத்தை மாநில ஆபீசுக்குத் தெரிவிக்க மறந்துவிடுகிறார். கதவு பூட்டியிருந்தால் சம்மன் திரும்பிப் போய்விடும் என்று எண்ணக்கூடாது. ஏஜெண்டு அகப்படாவிட்டால் மாநிலச் செயலாளரின் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அது செல்லும். அம்மாளுக்கு விஷயம் தெரிய வரும்போது தீர்ப்பே வந்திருக்கும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யும்படி மனுப் போடலாம். ஆனால் வக்கீல் கட்டணம் பத்து வருட ஏஜெண்டுக் கட்டணத்தைச் சாப்பிட்டுவிடும்.

பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் கூலி ஏஜெண்டை அமர்த்திக்கொள்வதே நல்லது. அந்தக் கட்டணத்தையும் ஒழுங்காகக் கட்ட வேண்டும். டெலாவேரில் ஏஜெண்டு ராஜினாமா செய்துவிட்டால் 30 நாட்களுக்குள் புது ஏஜெண்டை நியமிக்க வேண்டும். தவறினால் கம்பெனியின் பதிவே ரத்தாகும்.

"எங்கோ இருக்கிற டெலாவேர் சங்கதி நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். எல்.எல்.சி. தொடங்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டாம். அமெரிக்காவுக்குப் போகவும் வேண்டாம். சென்னையிலும் கோவையிலும் இருந்தபடியே கம்ப்யூட்டரில் அமெரிக்கக் கம்பெனி தொடங்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் உள்ள ஒரே வாசற்படி அந்த ஏஜெண்டுதான். ஆனால் மலிவு ஏஜெண்டுகள் பலர் கோர்ட்டுக் காகிதத்தையும் சர்க்கார் காகிதத்தையும் மட்டுமே வாங்குவார்கள். பாங்கிலிருந்து கடிதம் வந்தால் வாங்க மாட்டார்கள். இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர் ஒருவரே முழுச் சொந்தக்காரராக உள்ள எல்.எல்.சி., தனக்கும் அவருக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலை ஆண்டுதோறும் அமெரிக்க வருமானவரி இலாகாவுக்குத் தனிப் படிவத்தில் காட்ட வேண்டும். 2017-ம் ஆண்டுக் கணக்கிலிருந்து வந்த விதி இது. அவர் முதலாகப் போட்ட பணமும் இதில் சேரும். படிவம் போகாவிட்டால் அபராதம் 25 ஆயிரம் டாலர். ஒரு டாலர்கூட லாபம் இல்லை என்று சொன்னாலும் விட மாட்டார்கள். "ஒரே மணி நேரத்தில் அமெரிக்கக் கம்பெனி!" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தச் சேதியையும் அதே கொட்டை எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும்.

மிச்சிகன் விவசாயிகள் வழக்கு

ஏஜெண்டு யாருடைய ஆள்? இந்தக் கேள்வி 1964-ம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வேடிக்கையான வழக்கு அது.

மிச்சிகன் மாநிலத்தில் இரண்டு விவசாயிகள். பண்ணைக்கு இரண்டு அடைகாக்கும் யந்திரங்களை நியூயார்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். கம்பெனி ஒன்றரைப் பக்கத்துக்குள் ஓர் அச்சடித்த ஒப்பந்தம் நீட்டியது. 18 ஷரத்துகள். கையெழுத்துப் போட்டார்கள். கடைசி ஷரத்தில் ஒரு பெண்மணியின் பெயரும் நியூயார்க் விலாசமும் இருந்தன. "எங்கள்மேல் நியூயார்க்கில் வழக்கு வந்தால், சம்மனை இந்த அம்மாளிடம் கொடுத்தால் போதும்" என்று விவசாயிகள் ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தம்.

அந்த அம்மாளை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவர் யார் தெரியுமா? யந்திரக் கம்பெனி அதிகாரி ஒருவரின் மனைவி! வழக்குத் தொடுக்கிற கட்சியின் வீட்டம்மாளே எதிர்க்கட்சிக்கு ஏஜெண்டு!

வாடகை பாக்கி என்று கம்பெனி வழக்குத் தொடுத்தது. சம்மன் அந்த அம்மாளிடம் போயிற்று. அவர் அதைத் தாமதம் செய்யாமல் விவசாயிகளுக்குத் தபாலில் அனுப்பி வைத்தார். "இது செல்லாது" என்றார்கள் விவசாயிகள். கீழ்க் கோர்ட்டுகள் அவர்கள் பக்கம் பேசின. சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகளில் 5 பேர் "செல்லும்" என்றார்கள். 4 பேர் "செல்லாது" என்றார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம். "காகிதம் உரியவர் கைக்கு உடனே போய்ச் சேர்ந்ததா, இல்லையா? சேர்ந்தது. ஆகவே ஏஜெண்டு தம் கடமையைச் செய்துவிட்டார்" என்பது ஐவரின் முடிவு.

என்னைக் கேட்டால் நான் அந்த நால்வர் பக்கம். அந்த அம்மாள் நல்லவர், காகிதத்தை அனுப்பினார். அனுப்பாமல் அடுக்களையில் செருகி வைத்திருந்தால்? ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. சட்டத்தின் கண்ணில் ஏஜெண்டு என்பவர் காகிதத்தைக் கை மாற்றுகிறவர், அவ்வளவே. பதில் சொல்ல வேண்டியவர் அவர் அல்ல. அந்தப் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதைத்தான் கம்பெனிப் படிவம் கேட்பதே இல்லை.

கேட்காத கேள்வி

டெலாவேரில் எல்.எல்.சி. தொடங்கும் படிவத்தில் கட்டாயமாக எழுத வேண்டியவை எவை? கம்பெனியின் பெயர். பதிவு ஆபீசு விலாசம். ஏஜெண்டின் பெயரும் விலாசமும். தீர்ந்தது. முதலாளி யார் என்று எழுத வேண்டியதில்லை. நடத்துகிறவர் யார் என்றும் எழுத வேண்டியதில்லை. ஏஜெண்டிடம் மட்டும் ஒரு மனிதரின் பெயரையும் தொடர்பு விலாசத்தையும் கொடுத்து வைக்க வேண்டும். அந்த மனிதர் முதலாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வக்கீலாக இருக்கலாம், குமாஸ்தாவாகவும் இருக்கலாம்.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு வயோமிங் மாநிலத் தலைநகரான ஷெயென் நகரத்து வீடு ஒன்று சாட்சி. 2011-ம் ஆண்டில் ராய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனத்தார் அதைப் பற்றி எழுதினார்கள். 1,700 சதுர அடியுள்ள செங்கல் வீடு. அதில் பதிவாகியிருந்த கம்பெனிகள் 2 ஆயிரத்துக்கும் மேல். சிறையில் இருந்த உக்ரைன் நாட்டு முன்னாள் பிரதமர் ஒருவரின் சொத்துக்களை மறைக்கும் கம்பெனியும் அவற்றில் ஒன்று என்று கோர்ட்டில் புகார் இருந்தது.

பிரதமர்கள் கதை இருக்கட்டும். சாமானியர் கதைக்கு வருவோம். அமெரிக்க நகரங்களில் வாடகை வீடுகள் பல எல்.எல்.சி. பெயரில் இருக்கின்றன. ஒரு குடித்தனக்காரர் வீட்டில் கூரை ஒழுகுகிறது. குளிர்காலத்தில் கணப்பு வேலை செய்யவில்லை. குழந்தை இருமுகிறது. வீட்டுக்காரர் யார் என்று பதிவேட்டைப் பார்க்கிறார். ஒரு கம்பெனிப் பெயர் வருகிறது. கம்பெனி யாருடையது என்று பார்க்கிறார். ஏஜெண்டின் விலாசம் வருகிறது. ஏஜெண்டிடம் கேட்டால், "காகிதம் இருந்தால் கொடுங்கள், அனுப்பி வைக்கிறோம்" என்பதுதான் பதில். கூரையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

வழக்குப் போட்டு ஜெயித்தாலும் அந்தக் கம்பெனியின் பெயரில் அந்த ஒரு வீடும், வீட்டின்மேல் கடனும்தான் இருக்கும். ஒரே முதலாளி வீட்டுக்கு ஒரு கம்பெனியாகப் பத்து வீடு வைத்திருக்கலாம். பத்திலும் கூரை ஒழுகலாம். பத்தும் ஒரே ஆளுடையவை என்று நகரசபை அதிகாரிக்குத் தெரிய வழியில்லை.

ஏஜெண்டுகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சட்டம் கேட்டதைச் செய்கிறார்கள். டெலாவேரில் பதிவான கம்பெனிகளில் பெரும்பாலானவை யோக்கியமானவை. கம்பெனி வழக்குகளுக்கென்றே அங்கே கைதேர்ந்த கோர்ட்டு இருப்பதால் பெரிய கம்பெனிகள் அந்த மாநிலத்தைத் தேடிப் போகின்றன. முதலாளியின் பெயரை ஊரறிய எழுதி ஒட்ட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வீட்டிலிருந்து தனியாக வியாபாரம் செய்கிற ஒரு பெண், கண்டவர்கள் வந்து கதவைத் தட்டக்கூடாது என்று நினைப்பது நியாயம். அவருக்கு ஏஜெண்டு ஒரு பாதுகாப்பு. ஆனால் தெருவுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, சர்க்காருக்கே தெரியாமல் இருப்பது வேறு.

நம் நாட்டுச் சட்டம் இதில் கறாரானது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பதிவு ஆபீசின் வெளியே கம்பெனியின் பெயரும் விலாசமும் எழுதிய பலகை இருக்க வேண்டும். அந்த வட்டார மொழி எழுத்திலும் இருக்க வேண்டும். டைரக்டர்கள் யார் என்பதைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். பதிவாளருக்குச் சந்தேகம் வந்தால் நேரிலேயே வந்து பார்ப்பார். 2022-ம் ஆண்டு விதிப்படி அந்த வட்டாரத்தார் இருவரைச் சாட்சி வைத்துக்கொண்டு, வேண்டுமானால் போலீசையும் அழைத்துக்கொண்டு வரலாம். போட்டோவும் எடுப்பார். இத்தனை இருந்தும் இங்கே போலிக் கம்பெனி இல்லையா என்றால், இருக்கிறது. 2017-ம் ஆண்டில் கணக்குக் காட்டாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். பலகை மாட்டினால் மட்டும் யோக்கியம் வந்துவிடாது. ஆனால் தேடிப் போகிறவருக்கு ஒரு பெயராவது கிடைக்கிறது. இங்கிலாந்திலும் 2024-ம் ஆண்டு மார்ச்சு 4-ந் தேதியிலிருந்து தபால் பெட்டி எண்ணைப் பதிவு ஆபீசாகக் காட்ட முடியாது என்று ஆக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவும் ஒருமுறை முழுக் கேள்வியையும் கேட்டது. 2021-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, ராணுவச் செலவு மசோதாவோடு சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேறியது. கம்பெனியில் 25 சதவீதமோ அதற்கு மேலோ உரிமை உள்ளவர், அல்லது கம்பெனியை ஆட்டி வைக்கிறவர் யாரோ, அவருடைய பெயரை மத்திய சர்க்காரின் நிதி இலாகாவிடம் கொடுக்க வேண்டும். பட்டியல் ஊராருக்குக் காட்டப்படாது. பெட்டிக்குள் பூட்டி வைத்ததுபோல் இருக்கும். 2024-ம் ஆண்டு முதல் தேதியிலிருந்து விதி அமலுக்கு வந்தது. குடித்தனக்காரருக்கு அது நேராக உதவியிருக்காது என்றாலும், கம்பெனிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று சர்க்கார் முதன்முதலாக எழுதி வைக்கத் தொடங்கியது.

எதிர்ப்பும் கிளம்பியது. "எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு இது வீண் தொல்லை" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். தடை வந்தது, விலகியது, மறுபடி வந்தது. கடைசியில் 2025-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நிதி இலாகாவே, அமெரிக்காவுக்குள் தொடங்கிய எந்தக் கம்பெனியும் இந்தப் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றிவிட்டது. வெளிநாட்டில் பிறந்து அமெரிக்காவில் வியாபாரத்துக்குப் பதிவு செய்துகொண்ட கம்பெனிகளுக்கு மட்டும் அது நின்றது.

சின்னக் கடைக்காரரின் தொல்லை நிஜம்தான். ஆனால் அதற்கு மருந்து படிவத்தைச் சுருக்குவது. கேள்வியையே கிழித்துப் போடுவது அல்ல. ரொட்டிக் கடை அம்மாள் தம் பெயரை எழுத இரண்டு நிமிடம் ஆகும். தம் பெயரை எழுத இரண்டு வருடம் யோசிக்கிறவர் யாரோ, அவரைப் பற்றியல்லவா நாம் கவலைப்பட வேண்டும்?

மத்திய சர்க்கார் கைவிட்டால் மாநிலங்கள் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பெனிகளைப் பிறப்பிப்பது மாநிலங்கள்தான். டெலாவேர் சட்டசபை நினைத்தால் தன் படிவத்தில் ஏஜெண்டின் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். கம்பெனியை உண்மையில் நடத்துகிற மனிதரின் பெயர் அங்கே இருக்கட்டும். அதை யாருக்கும் காட்ட வேண்டாம். கூரை ஒழுகும் வீட்டுக்காரர் வழக்குப் போட்டு, நீதிபதி உத்தரவு போட்டால் மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரிக்கு வாஷிங்டன் அனுமதி தேவையில்லை.